ஒரே ஒரு ஆட்டம்

மொழிபெயர்ப்பு மேஜையில் உட்கார்பவர்களுக்கு முதல் எதிரி சொல் அல்ல, எண். ஒரு சொல் தவறினால் அதைச் சமாளிக்க நாலு வாக்கியம் இருக்கிறது. ஒரு பூஜ்யம் தவறினால் வாசகர் கடிதம் வந்துவிடும். அதனால் பட்ஜெட் பற்றாக்குறையோ பருத்தி விளைச்சலோ, எதுவானாலும் எண்ணை இரண்டு முறை பார்ப்பது எனக்குப் பழக்கம். அப்படிப் பழகிய கண்ணில் ஒருநாள் 189.00 என்ற எண் விழுந்தபோது, யாரோ புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அது அமெரிக்க பேஸ்பால் வீரர்களின் கணக்குப் புத்தகம். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் ஜோ க்ளியரி என்ற பிட்சர். அவர் பெயருக்கு நேரே ஆண்டு 1945, ஆடிய ஆட்டம் 1 என்று இருந்தது. ஈ.ஆர்.ஏ. என்ற பத்தியில் 189.00. இந்த ஈ.ஆர்.ஏ. ஒரு நல்ல பிட்சருக்கு 3 இருக்கும். சுமாரானவருக்கு 5. பத்தைத் தொட்டால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். 1.89 என்று இருந்தால் மகா மேதை. 18.9 என்றால் பரிதாபம். 189 என்றால்?

அச்சுப்பிழை இல்லை. எண் சரிதான். அதே ஆட்டத்தில், க்ளியரியின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்ட அடுத்த பிட்சருக்கும் மேஜர் லீகில் அது ஒன்றுதான் ஆட்டம் என்பது பிறகு தெரிந்தது. அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.69. அந்த மனிதருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது.

கிரிக்கெட் மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. பிட்சர் என்பவர் நம் பந்துவீச்சாளர். ஆனால் ஓடி வர முடியாது. சின்ன மண்மேட்டில் நின்றபடி, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் மட்டையோடு நிற்பவரை நோக்கி, தரையில் படாமல் பந்தை எறிய வேண்டும். அடித்தவர் மூன்று பேஸ்களைச் சுற்றி, கிளம்பிய இடத்துக்குத் திரும்பினால் ஒரு ரன். எல்லை மீறிய பந்து நான்கு போட்டால், மட்டைக்காரர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் இன்னிங்ஸ் முடியும். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். பிட்சரை நடுவில் மாற்றலாம். மாற்றப்பட்டவர் அன்றைய ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது. இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈ.ஆர்.ஏ. என்பது, இந்தப் பிட்சர் இப்படியே ஒன்பது இன்னிங்ஸும் வீசினால் எத்தனை ரன் கொடுப்பார் என்ற கணக்கு. பீல்டிங் செய்பவர்கள் கோட்டைவிட்டதால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பிட்சர் தலையில் எழுதுவார்கள். ஒருவரை அவுட் செய்தால் மூன்றில் ஒரு பங்கு இன்னிங்ஸ். நம் ஊர்க் கணக்கில் அரைக்கும் காலுக்கும் மாகாணிக்கும் சொல் உண்டு. மூன்றில் ஒன்றுக்குப் புழக்கத்தில் தனிச்சொல் இல்லை. அமெரிக்கர்கள் பாடும் இதே பாடுதான் போலிருக்கிறது. மூன்றில் ஒன்றை 0.1 என்று அச்சிடுகிறார்கள். அதைப் பத்தில் ஒன்று என்று நம்பி நான் வகுத்துப் பார்த்தபோது 630 வந்தது. இரண்டாம் முறை பார்க்கும் பழக்கம் அன்று காப்பாற்றியது.

க்ளியரி அவுட் செய்தது ஒருவரை. கொடுத்த ரன் 7. மூன்றில் ஒரு இன்னிங்ஸுக்கு 7 என்றால் ஒரு இன்னிங்ஸுக்கு 21, ஒன்பதுக்கு 189.

அந்த நாள் 1945 ஆகஸ்ட் 4. இடம் வாஷிங்டன் நகரின் கிரிஃபித் ஸ்டேடியம். வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கும் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். இரண்டாவது ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில்தான் வினை வந்தது. செனட்டர்ஸ் அணிக்காக வீசிக்கொண்டிருந்தவர் சாண்டி உல்ரிச், கியூபாக்காரர். அந்த இன்னிங்ஸில் அவர் ஒருவரை மட்டும் அவுட் செய்து திணறிய நேரத்தில் க்ளியரியைக் கூப்பிட்டார்கள்.

க்ளியரிக்கு வயது 26. அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். மேஜர் லீக் மண்மேட்டில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஒன்பது மட்டைக்காரர்களைச் சந்தித்தார். ஐந்து பேர் அடித்தார்கள். மூன்று பேர் நடந்து போனார்கள். ஒருவர் ஸ்ட்ரைக் அவுட். ஒன்பது பேரோடு கணக்கு முடிந்தது. அந்த ஒரு இன்னிங்ஸில் பாஸ்டன் எடுத்த ரன்கள் 12. டாம் மெக்பிரைட் என்ற பாஸ்டன் வீரர் மட்டும் அந்த இன்னிங்ஸில் இரண்டு முறை மட்டை பிடித்து 6 ரன்களை உள்ளே கொண்டுவந்தார்.

க்ளியரியை வெளியே எடுத்தார்கள். அவர் மேஜர் லீகில் மறுபடி ஒரு பந்துகூட வீசவில்லை.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. ஒருவரையும் அவுட் செய்யாமல் ரன் கொடுத்துவிட்டுப் போன பிட்சர்கள் அந்தப் புத்தகத்தில் வேறு சிலரும் உண்டு. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் அவர்கள் பெயருக்கு நேரே முடிவிலிக் குறி போடுகிறார்கள். குறிக்கு வரிசை இல்லை. ஒருவருக்கு மேல் ஒருவர் என்று யாரும் பட்டியல் போட முடியாது. க்ளியரி ஒருவரை அவுட் செய்துவிட்டார். அதனால்தான் அவர் வகுக்கத் தகுந்தவர் ஆனார். ஒருவரையாவது அவுட் செய்த பிட்சர்களில் மிக மோசமான ஈ.ஆர்.ஏ. என்ற பட்டம் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் தலையில்தான் இருக்கிறது. அன்று அவர் செய்த ஒரே நல்ல காரியம் அந்த ஸ்ட்ரைக் அவுட். பட்டத்தைக் கொண்டுவந்ததும் அதுதான்.

அடுத்து மண்மேட்டுக்கு வந்தவர் பெர்ட் ஷெப்பர்ட். வயது 25. இண்டியானா மாநிலத்தில் டேனா என்ற சிற்றூரில் பிறந்தவர், இடதுகைப் பிட்சர். போருக்கு முன்பு கீழ்நிலை லீகுகளில் ஆடியிருக்கிறார். அங்கே அவரைப் பெரிய நட்சத்திரம் என்று யாரும் சொல்லவில்லை. போர் வந்ததும் விமானப் படையில் சேர்ந்து பி-38 போர் விமானம் ஓட்டினார்.

1944 மே 21 அன்று தன் 34ஆவது பயணமாக இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் பறந்தார். அன்று மதியம் விமானத் தளத்தில் அவர்கள் அமைத்திருந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தது. அதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. தரையிலிருந்து சுட்ட குண்டு வலது காலைக் கிழித்தது. விமானம் ஒரு வயலில் மோதி விழுந்தது. சுற்றியிருந்த விவசாயிகள் ஆத்திரத்தோடு ஓடி வந்தார்கள். தலைக்கு மேல் தினமும் குண்டு விழும் ஊரில், குண்டு போடும் நாட்டு விமானி கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே வந்து சேர்ந்த ஜெர்மன் விமானப் படை மருத்துவர் ஒருவர் துப்பாக்கியைக் காட்டிக் கூட்டத்தை விலக்கி, நினைவிழந்து கிடந்த விமானியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காலை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தங்கியது.

மருத்துவரின் பெயர் லாடிஸ்லாஸ் லாய்டில். ஆஸ்திரியாக்காரர். ஷெப்பர்டுக்கு அந்தப் பெயர் தெரிய அரை நூற்றாண்டு ஆயிற்று.

போர்க்கைதிகள் முகாமில் டான் எர்ரி என்ற கனடாக்காரர், அவரும் கைதிதான், கிடைத்த பொருட்களைக் கொண்டு ஷெப்பர்டுக்கு ஒரு பொய்க்கால் செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு ஷெப்பர்ட் முகாமிலேயே பந்து எறிந்து பார்க்க ஆரம்பித்தார். 1945இன் தொடக்கத்தில் கைதிப் பரிமாற்றத்தில் அமெரிக்கா திரும்பினார். வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருந்தபோது, போர்த்துறைத் துணைச் செயலர் ராபர்ட் பேட்டர்சன் அவரைச் சந்தித்து, இனி என்ன செய்ய ஆசை என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கும் கேள்வி. பேஸ்பால் ஆட வேண்டும் என்றார் ஷெப்பர்ட். முடிந்தால் மேஜர் லீகில்.

பேட்டர்சன் செனட்டர்ஸ் அணியின் உரிமையாளர் கிளார்க் கிரிஃபித்தைக் கூப்பிட்டுச் சொன்னார். கிரிஃபித் வரச் சொன்னார். வந்தவரை எறிய விட்டுப் பார்த்துவிட்டுப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

இதைக் கருணை என்று சொல்லலாம். விளம்பரம் என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்தது என்பதே என் எண்ணம். போர்க்காலத்தில் பேஸ்பாலை நிறுத்த வேண்டாம் என்று 1942 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் கடிதம் எழுதியிருந்தார். ஆட்டம் நிற்கவில்லை, ஆடுகிறவர்கள்தான் போய்விட்டார்கள். டெட் வில்லியம்ஸ், ஜோ டிமாஜியோ, பாப் ஃபெல்லர் எல்லாரும் சீருடையில். காலி இடங்களைக் கிடைத்தவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். 1945இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியில் ஒரு கை இல்லாத பீட் கிரே 77 ஆட்டம் ஆடினார். 1944இல் சின்சினாட்டி ரெட்ஸ் ஒரு பதினைந்து வயதுப் பையனையே வீச வைத்தது. அந்தப் பையனிடம் பிறகு வருகிறேன்.

ஷெப்பர்ட் ஜூலையில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராகப் போர் நிதிக்கான காட்சி ஆட்டம் ஒன்றில் வீசினார். செனட்டர்ஸ் ஜெயித்தது. காட்சி ஆட்டம் கணக்கில் சேராது. கணக்கில் சேரும் ஆட்டத்துக்கு ஆகஸ்ட் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்றும் அவரைக் கூப்பிட்டது வீரத்துக்கு மரியாதை செய்ய அல்ல என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்று அடுத்தடுத்து ஆடி, பிட்சர்கள் எல்லாருக்கும் தோள் ஓய்ந்திருந்தது. ஆட்டமோ கைவிட்டுப் போய்விட்டது. நல்ல பிட்சரை வீணாக்க மனமில்லாத மேலாளர்கள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் பெஞ்சின் கடைசியில் இருப்பவரைப் பார்ப்பார்கள். தோற்ற ஆட்டத்தின் எச்சத்தைத்தான் ஷெப்பர்டிடம் கொடுத்தார்கள்.

இடதுகைப் பிட்சர் இடது காலால் தரையை உந்தி, வலது காலில் வந்து இறங்குவார். ஷெப்பர்டிடம் உந்துவதற்குச் சொந்தக் கால் இருந்தது. இறங்கியது பொய்க்காலில். ஒவ்வொரு பந்துக்கும் உடம்பின் மொத்த எடையும், கை வீசிய வேகமும், துண்டித்து ஓராண்டுக்குச் சற்று மேலே மட்டுமே ஆகியிருந்த ஒரு இடத்தில் போய் விழும். அப்படி வீசித்தான் முதலில் வந்த ஜார்ஜ் மெட்கோவிச்சை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். நான்காவது இன்னிங்ஸ் ஒருவழியாக முடிந்தது. அடுத்த ஐந்து இன்னிங்ஸும் அவரே வீசினார். மொத்தம் ஐந்தே மூன்றில் ஒன்று இன்னிங்ஸ், மூன்று பேர் அடித்தார்கள், ஒரு ரன். ஆட்டம் 15-4 என்று பாஸ்டனுக்குப் போயிற்று. 15இல் ஷெப்பர்ட் பங்கு ஒன்று.

அந்த முதல் ஸ்ட்ரைக் அவுட்டில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. கிரிக்கெட்டில் யார் பந்தில் ரன் போனதோ அவர் கணக்கில் எழுதுவோம். பேஸ்பாலில் அப்படி இல்லை. மட்டைக்காரரைப் பேஸுக்கு விட்டவர் யாரோ, அவர் கணக்கில்தான் ரன் விழும். அவர் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் சரி. உல்ரிச் விட்டுப்போன ஆட்கள் க்ளியரியின் பந்தில் ஓடி வந்தபோது அது உல்ரிச்சின் கடனாயிற்று. க்ளியரி விட்டுப்போனதில் இன்னும் ஒருவர் ஷெப்பர்டின் பந்தில் ஓடி வந்திருந்தால் அது க்ளியரியின் கடனாகியிருக்கும். 7, 8 ஆகியிருக்கும். 189, 216 ஆகியிருக்கும். அப்படி ஆகாமல் நிறுத்தியது பொய்க்காலில் வந்து இறங்கிய அந்தப் பந்துகள். மேஜர் லீகில் ஒரே நாள் மட்டும் இருந்த இரண்டு மனிதர்கள், ஒருவர் கணக்கை மற்றவர் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய கேள்வி, 1.69க்கு ஏன் இரண்டாவது ஆட்டம் கிடைக்கவில்லை என்பது. 189க்குக் கிடைக்காதது புரிகிறது.

காரணம் எளிது. செனட்டர்ஸ் அந்த ஆண்டு முதலிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். லெனார்ட், நிக்லிங், ஹேஃப்னர், வுல்ஃப் என்று நான்கு பேர். நான்கு பேரும் நக்கிள்பால் வீசுகிறவர்கள். அது சுழலாமல் காற்றில் தள்ளாடி வரும் பந்து. அதைப் பிடிக்கிற விக்கெட் கீப்பரின் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. அந்த நால்வரை நம்பி ஓடியது வண்டி. கடைசியில் 87 வெற்றி, 67 தோல்வி. டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு ஒன்றரை ஆட்டம் பின்னால் வந்து வாய்ப்பை இழந்தார்கள். அப்படி நூலிழையில் போன பருவத்தில், ஒரு காலோடு வீசும் மனிதரை நம்பி ஓர் ஆட்டத்தைப் பணயம் வைக்க மேலாளர் ஆஸி புளூகிக்கு மனம் வரவில்லை. அடுத்த பருவத்தில் போருக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். இடம் இல்லை.

மேலாளரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. அதே ஆகஸ்ட் மாத இறுதியில், அதே மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கிடைத்த இடைவேளையில், ஜெனரல் ஓமர் பிராட்லி ஷெப்பர்டின் மார்பில் வீரப் பதக்கம் குத்தினார். கூட்டம் கைதட்டியது. பதக்கம் குத்த நேரம் இருந்தது. பந்து கொடுக்க இல்லை.

கிரிக்கெட்டிலும் இப்படி உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி கான்டோம் 1948இல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட், ஒரு இன்னிங்ஸ் ஆடி 112 எடுத்தார். மறுபடி அவரை எடுக்கவில்லை. பிராட்மனின் 99.94 என்ற சராசரியை மனப்பாடமாகச் சொல்கிற நம்மில் எத்தனை பேருக்குக் கான்டோமின் 112.00 தெரியும்? நூறு போட்டவருக்கே இந்த கதி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்.

பதினைந்து வயதுப் பையனுக்கு வருகிறேன். பெயர் ஜோ நக்ஸ்ஹால். 1944 ஜூன் 10 அன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு எதிராக அவனை இறக்கினார்கள். இரண்டு பேரை அவுட் செய்தான். பிறகு கை நடுங்கிவிட்டது. ஐந்து பேரை நடக்க விட்டான், ஐந்து ரன் கொடுத்தான். ஈ.ஆர்.ஏ. 67.50. வெளியே எடுத்தார்கள். க்ளியரியின் கதையேதான், எண் மட்டும் கொஞ்சம் சின்னது. வித்தியாசம், அவனுக்கு வயது பதினைந்து. எட்டு ஆண்டு கழித்து, 1952இல், அதே சின்சினாட்டி அணிக்குத் திரும்பி வந்தார். இப்போது ‘வந்தார்’ என்றே எழுத வேண்டும். 1966 வரை வீசினார். 135 ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தார். பிறகு பல்லாண்டுகள் அந்த அணியின் வானொலி வர்ணனையாளராக இருந்தார். நக்ஸ்ஹாலின் பெயருக்கு நேரே வாழ்நாள் ஈ.ஆர்.ஏ. 3.90 என்று இருக்கிறது. அந்த 67.50 உள்ளேதான் கரைந்து கிடக்கிறது, தேடினால் அகப்படும்.

1944 ஜூன் 10 மாலையில் நக்ஸ்ஹாலையும், 1945 ஆகஸ்ட் 4 மாலையில் க்ளியரியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவர்களில் யார் 135 ஆட்டம் ஜெயிப்பார் என்று கேட்டிருந்தால், எண்களைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. க்ளியரி நல்ல பிட்சர் என்று நான் வாதாட வரவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒன்பது மட்டைக்காரர்கள் போதாது என்றுதான் சொல்கிறேன். 189.00 என்பதில் இரண்டு தசம இடம் வேறு. அவ்வளவு துல்லியமாக எழுதினால் மனிதனையே அளந்துவிட்ட மாதிரி ஒரு தோரணை வந்துவிடுகிறது.

இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த ஆத்திரமும் உண்டு. தமிழில் முதுகலை முடித்த ஆண்டு, ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம். குறுந்தொகையில் ஒரு பாடல். இரண்டு இரவு தயார் செய்திருந்தேன். பதினைந்தாவது நிமிடத்தில், திணைக்கும் துறைக்கும் நடுவில் எங்கேயோ, வாய் அப்படியே நின்றுவிட்டது. கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். துறைத்தலைவர் எழுந்து, மரியாதையாகவே, “போதும்மா, சொல்லி அனுப்புகிறோம்” என்றார். அனுப்பவில்லை. மொழிபெயர்ப்புக்கு வந்தேன், பிழைத்துக்கொண்டேன், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் ஏதோ ஒரு கோப்பில் என் பெயருக்கு நேரே பதினைந்து நிமிடம் என்று எழுதியிருப்பார்கள். பதினாறாவது நிமிடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

ஒரே ஆட்டம்தானா என்று இளப்பமாகச் சொல்பவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே ஒரு அளவுகோல் தரலாம். 2008இல் அமெரிக்கர்கள் இங்கே வந்து தொலைக்காட்சிப் போட்டி வைத்து, வேகமாக எறிகிற கைகளைத் தேடினார்கள். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள் இருவர், ரிங்கு சிங், தினேஷ் படேல், தேறினார்கள். பேஸ்பால் பந்தையே அதுவரை தொடாதவர்கள். அந்த ஆண்டு இறுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014இல் ஹாலிவுட் படமாகக்கூட வந்தது. படம் ஒப்பந்தத்தோடு மங்களமாக முடிந்துவிடுகிறது. கீழ்நிலை லீகுகளில் அவர்கள் வியர்வை சிந்தியதோடு நிஜம் நின்றுவிட்டது. இருவரும் மேஜர் லீக் மண்மேட்டில் ஒரு பந்தும் வீசவில்லை. அந்தப் புத்தகத்தில் 189.00 என்று எழுதக்கூட அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. க்ளியரிக்கு இருக்கிறது.

ஷெப்பர்ட் கீழ்நிலை லீகுகளில் இன்னும் சில காலம் ஆடினார். காலில் மேலும் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ஆட்டம் விட்டது. பிறகு கால் இழந்தவர்களுக்கான கோல்ஃப் போட்டிகளில் தேசியப் பட்டம் வென்றார். 1993இல், தன்னை வயலிலிருந்து தூக்கிய மருத்துவர் லாய்டில் உயிரோடு இருப்பது தெரிந்து, ஆஸ்திரியா போய் அவரைச் சந்தித்தார். சம்பவம் நடந்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2008இல், 87 வயதில் இறந்தார். அவர் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எழுதத் தகுந்த கதை.

க்ளியரியைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. அவர் காலை இழக்கவில்லை, பதக்கம் வாங்கவில்லை, ஒரு பிற்பகலில் பந்து சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான். 2004இல் காலமானார். 2018 மே மாதம் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக பி.ஜே. கான்லன் என்ற இளைஞர் வீச வந்தார். பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். அயர்லாந்துத் தீவில் பிறந்த ஒருவர் மேஜர் லீகில் ஆடுவது 1945க்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்பதால், இதற்கு முன் ஆடியவர் யார் என்று தேடி, ஜோ க்ளியரி, கார்க் நகரம், வாஷிங்டன் செனட்டர்ஸ் என்று எழுதினார்கள். ஒரு ஆட்டம் என்றும் எழுதினார்கள்.